கொல்லையில் ஒரு காடு

கிராமமானாலும் சிறு நகரமானாலும், பல வீடுகளின் கொல்லைப்புறம் இன்று யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. உடைந்த ஓடுகளும், செங்கற்களும், மழைக்காலத்தில் முளைத்துக் கோடையில் காயும் புல்லுமே அங்கே மிச்சம். அந்த இடத்தை உழாமல், ஆண்டுதோறும் விதைக்காமல், உரமூட்டை வாங்காமல் உணவு தரும் ஒரு சிறு காடாக மாற்ற முடியுமா? முடியும் என்று செய்துகாட்டியவர்களுள் ஒருவர் ராபர்ட் ஹார்ட் என்னும் ஆங்கிலேயர். அவர் எடுத்துக்கொண்ட நிலம் 0.12 ஏக்கர், அதாவது நம் கணக்கில் வெறும் 12 சென்ட். அந்தத் தோட்டத்தின் வரலாற்றில் கேரளத்துக்குப் பங்கு உண்டு. சூரிய ஒளியைப் பற்றிய நல்ல பாடமும் உண்டு.

உழைக்க வலுவில்லாத பண்ணை

ஹார்ட் 1913இல் பிறந்தவர். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், ஷ்ராப்ஷயர் மாவட்டத்து வென்லாக் எட்ஜ் என்னும் மலைச்சரிவில் ஒரு சிறு பண்ணையை அமைத்தார். பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றிய தம் சகோதரர் ஒருவருக்கு நல்ல சூழலில் வாழ்வளிக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். முதலில் எல்லாரையும்போலவே ஆடுமாடு வளர்த்தார். காய்கறிப் பாத்தி போட்டார். ஆனால் கொத்துவது, விதைப்பது, களை எடுப்பது என ஆண்டு முழுவதும் தொடர்ந்த வேலைகள் அவர்களுடைய உடல் வலுவுக்கு மீறியவையாக இருந்தன.

அந்தச் சமயத்தில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பல்லாண்டு வாழும் கீரைகளையும் மூலிகைகளையும் நட்டிருந்த ஒரு சிறு பாத்தி, அதிகக் கவனிப்பு இல்லாமலே செழித்திருந்தது. ஒரு பாத்திக்கு இது இயலுமானால் தோட்டம் முழுவதற்கும் ஏன் இயலாது? பண்ணையிலிருந்த பழைய ஆப்பிள், பேரித் தோப்பில் இந்தக் கேள்விக்கு விடை தேடினார்.

காட்டில் யாரும் உழுவதில்லை, உரமிடுவதில்லை. உதிர்ந்த இலை மட்கி வேருக்கு உணவாகிறது. உயர்ந்த மரம், குட்டை மரம், புதர், கொடி, செடி ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று ஒளியைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஹார்ட் இந்த அமைப்பை ஏழு அடுக்குகளாக வகுத்தார்: உயர்ந்த பழமரங்கள், குட்டைப் பழமரங்கள், சிறுகனிப் புதர்கள், கீரைகளும் மூலிகைகளும், தரையில் படரும் செடிகள், கிழங்குகள், மேலேறும் கொடிகள். இவற்றை நட்டு நிலைப்படுத்திய பின், மிஞ்சி வளர்வதை வெட்டுவதும், மண்மேல் மூடாக்கு இடுவதும், பறிப்பதுமே முக்கிய வேலைகள். தம் அனுபவத்தை 1991இல் ‘ஃபாரஸ்ட் கார்டனிங்’ என்னும் நூலாக வெளியிட்டார்.

ஹார்ட்டுக்கு முன்மாதிரி

ஹார்ட் இந்த யோசனையை வெறுங்காட்டை மட்டும் பார்த்துப் பெறவில்லை. வெப்பமண்டல நாடுகளின் வீட்டுத்தோட்டங்கள், சிறப்பாகக் கேரளத்துத் தோட்டங்கள், அவருக்கு முன்மாதிரியாக இருந்தன. அங்கே வீட்டைச் சுற்றித் தென்னை, பலா, கமுகு. மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. அதன் கீழே வாழை. அதற்கும் கீழே சேம்பு, மஞ்சள், இஞ்சி. கண்டியிலும் ஜாவாவிலும் இதே போன்ற தோட்டங்கள் பழைய காலந்தொட்டு இருந்துவருகின்றன. ஜாவாவில் இதற்குப் ‘பெக்கராங்கன்’ என்று பெயர்.

இந்த அமைப்பு ஏன் பயன் தருகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டர் ஆரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர மீட்டர். தென்னைகளை 7.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு மரத்துக்கு 56 சதுர மீட்டர் நிலம் கிடைக்கிறது. எனவே நிலத்தில் நான்கில் மூன்று பங்குக்குமேல் தென்னைவேர் மிகுதியாக இல்லை. அந்த இடத்தைத்தான் வாழையும் சேம்பும் பிடித்துக்கொள்கின்றன.

எண்ணெய் நெருக்கடியும் ஒரு புதுச் சொல்லும்

ஹார்ட் ஒருபுறம் தம் பண்ணையில் உழைத்துக்கொண்டிருக்க, உலகின் மறுகோடியான டாஸ்மேனியாவில் இதே சிந்தனை வேறொரு வழியில் பிறந்தது. 1973ஆம் ஆண்டு இறுதியில் பெட்ரோலிய நெருக்கடி வந்தது. பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. டிராக்டரும் பம்பும் எண்ணெயில் ஓடுபவை. தழைச்சத்து உரத்தைச் செய்யவும் மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆகவே சாப்பாட்டுத் தட்டுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் உள்ள உறவு பலருக்கு அப்போதுதான் புலப்பட்டது.

காடுகளில் வேலைசெய்து பழகிய ஆசிரியர் பில் மாலிசனும், மாணவர் டேவிட் ஹோம்கிரனும் 1974இல் ஹோபார்ட் நகரில் சந்தித்தார்கள். வெளியிலிருந்து ஆற்றலை ஓயாமல் ஊட்டாமலே நிலைத்து நிற்கும் வேளாண்மை எப்படி இருக்க வேண்டும் என்பதே அவர்கள் ஆராய்ந்த கேள்வி. 1978இல் அவர்களுடைய ‘பெர்மகல்ச்சர் ஒன்று’ என்னும் நூல் வெளிவந்தது. ‘நிரந்தரம்’, ‘வேளாண்மை’ என்ற பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களின் இணைப்பே பெர்மகல்ச்சர். ‘நிரந்தர வேளாண்மை’ என்ற தொடரை அமெரிக்கப் புவியியலறிஞர் ரஸ்ஸல் ஸ்மித் 1929லேயே மரப்பயிர்கள் பற்றிய தம் நூலின் துணைத்தலைப்பில் பயன்படுத்தியிருந்தார். மாலிசன் 1990இல் வென்லாக் எட்ஜுக்கு வந்து ஹார்ட்டின் தோட்டத்தைப் பார்த்தார். அதன்பின் ஏழு அடுக்குத் திட்டம் பெர்மகல்ச்சர் பாடங்களில் நிலைபெற்றது, உலகெங்கும் பரவியது.

நிழலின் கணக்கு

இப்படிக் கேரளத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன யோசனை ஏழு அடுக்குப் படமாக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. அந்தப் படத்தை அப்படியே நம் கொல்லையில் நட்டுவிடலாமா? இங்கேதான் கொஞ்சம் இயற்பியல் தேவைப்படுகிறது.

வென்லாக் எட்ஜ் ஏறத்தாழ 52½ பாகை வட அட்சத்தில் உள்ளது. மார்ச் 21ஆம் நாள் நண்பகலில் அங்கே சூரியனின் உயரம் 37½ பாகை. 5 மீட்டர் மரம் ஒன்றின் நிழல் வடக்கே 6½ மீட்டர் நீளும். மதுரையும் எர்ணாகுளமும் ஏறத்தாழ 10 பாகை அட்சத்தில் உள்ளன. அதே நேரத்தில் இங்கே சூரியன் 80 பாகை உயரத்தில் நிற்கிறது. அதே மரத்தின் நிழல் 90 சென்டிமீட்டர்தான். ஆகவே இங்கிலாந்தில் அடுக்குகளை நெருக்கினால் கீழேயுள்ளவை ஒளியின்றி வாடும். ஹார்ட் போன்றவர்கள் மரங்களை விலக்கி நடவும் அடிக்கடி கத்தரிக்கவும் வேண்டியிருந்தது. நமக்கோ ஒளிப்பஞ்சம் இல்லை. பல பயிர்களின் இலைகள் முழு வெயிலில் பாதிகூட இல்லாத ஒளியிலேயே ஒளிச்சேர்க்கையின் உச்சத்தை நெருங்கிவிடுகின்றன. எனவே மிதமான நிழல் நம் வெயிலில் பல செடிகளுக்கு நன்மையே.

அப்படியானால் மதுரைக் கொல்லையில் எர்ணாகுளத்துத் தோட்டத்தை அமைக்கலாமா? ஒளி ஒன்றே, நீர் வேறு. எர்ணாகுளத்தில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. மதுரையில் சுமார் 850 மில்லிமீட்டர்தான். ஏழு அடுக்குகளும் ஒரே மண்ணிலிருந்து நீரை இழுத்தால் கோடையில் எல்லாமே வாடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நட்டவர் இரண்டாம் கோடையில் தோட்டத்தை மட்டுமல்ல, நம்பிக்கையையும் இழந்துவிடுவார்.

ஆயினும் 850 மில்லிமீட்டர் அற்பமன்று. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். 12 சென்ட் என்பது ஏறத்தாழ 485 சதுர மீட்டர். அதில் ஆண்டுக்கு 4 லட்சம் லிட்டருக்குமேல் நீர் விழுகிறது. அதை ஓடவிடாமல் வரப்பும் குழியும் அமைத்து மண்ணில் இறக்குவது முதல் வேலை. இலைதழையை மூடாக்காகப் பரப்பி ஆவியாதலைக் குறைப்பது இரண்டாவது. சணப்பு, தக்கைப்பூண்டு போன்றவற்றை வளர்த்து மடக்கி மண்ணுக்குத் தழைச்சத்து ஏற்றுவது மூன்றாவது. அதன்பின் முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, ஒரு மா அல்லது கொய்யா என்று மூன்று நான்கு அடுக்குகள் போதும். வாழைக்கும் சேம்புக்கும் பாத்திரம் கழுவும் நீர் ஓடும் இடமே பொருத்தம். நம் பாட்டிமார் கிணற்றடியில் வாழை வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இத்தோட்டம் நெல்வயலுக்கு மாற்றாகாது. கேரளத்திலும் அரிசி வயலிலிருந்தே வந்தது. கீரை, காய், பழம், விறகு ஆகியவையே கொல்லையின் கொடை. அன்றாடச் சமையலுக்கு அது சிறிய உதவியன்று.

ஹார்ட் 2000ஆம் ஆண்டில் காலமானார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது, நிலத்தை முதலில் உற்றுநோக்கும் அவருடைய பழக்கமே. மாணவர்கள் இதைத் தம் வீட்டிலேயே தொடங்கலாம். கொல்லையின் வரைபடம் ஒன்று போட்டுக்கொண்டு, காலை 8 மணி, பகல் 12 மணி, மாலை 4 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று மாதம் ஒரு நாள் குறித்து வாருங்கள். நண்பகல் நிழல் டிசம்பரில் வடக்கேயும் ஜூனில் தெற்கேயும் சாய்வதைக் காண்பீர்கள். மழை பெய்யும்போது நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் அம்புக்குறியால் காட்டுங்கள். ஓராண்டில் அந்த வரைபடம் நிரம்பிவிடும். எந்தக் கன்றை எங்கே நடுவது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.