முத்தவல்லி, நிர்வாகக் குழு, ஸ்கீம்: பத்திரத்தில் வரும் சொற்களுக்கு என்ன பொருள்?

கோடியக்கரை, தோப்புத்துறையிலிருந்து நாகூர் வரை நம் கடலோர ஊர்களில் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் முன்னோர் எழுதி வைத்த நிலங்கள் உண்டு. அவற்றை நிர்வகிப்பவர் யார், அவருக்கு எதுவரை அதிகாரம் என்பதைப் பத்திரத்தில் உள்ள ஓரிரு சொற்களே தீர்மானிக்கின்றன. அடிக்கடி வரும் சொற்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வாகிஃப்: சொத்தை வக்ஃபு செய்தவர். அவர் எழுதிய பத்திரமே வக்ஃபுநாமா. நிர்வாகம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முத்தவல்லி: வக்ஃபை நிர்வகிப்பவர், உரிமையாளர் அல்லர். 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின்படி வக்ஃபை நிர்வகிக்கும் குழுவும் 'முத்தவல்லி' என்ற சொல்லில் அடங்கும். ஆனால் குழுவின் சாதாரண உறுப்பினர் முத்தவல்லி ஆகமாட்டார்; பொறுப்பாளராக இருந்தால் மட்டுமே ஆவார். வாய்மொழி நியமனம் பற்றிய சொற்களை 2025 திருத்தம் நீக்கிவிட்டது. ஆகவே நியமனம் எழுத்தில் இருப்பது அவசியம்.

டிரஸ்டி: அறக்கட்டளைப் பொறுப்பாளர். 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் வக்ஃபுக்குப் பொருந்தாது. பத்திரத்தில் 'டிரஸ்டி' என்று எழுதியிருந்தாலும், சொத்து வக்ஃபு என்றால் வக்ஃபு சட்டமே பேசும்.

நிர்வாகக் குழு: ஜமாஅத்தோ மதரஸாவோ சங்கமாகப் பதிவாகியிருந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. 'கோரம்' என்பது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை. அது எத்தனை பேர் என்பதை பை-லாவில் பாருங்கள்.

ஸ்கீம்: நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்று நீதிமன்றமோ வாரியமோ வகுக்கும் திட்டம். நாகூர் தர்கா நல்ல உதாரணம். அங்கே நீதிமன்ற ஸ்கீம்படி 8 பரம்பரை டிரஸ்டிகள் கொண்ட குழு நிர்வகித்து வந்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரைத் தற்காலிக நிர்வாகிகளாக 4 மாதங்களுக்கு நியமித்தது. அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022இல்தான், பொறுப்பை வக்ஃபு வாரியத்திடம் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. 'தற்காலிக' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் முடிவுத் தேதி ஏன் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

நேரடி நிர்வாகம்: தகுந்த முத்தவல்லி கிடைக்காதபோது வாரியமே பொறுப்பேற்பது. சட்டத்தின் 65ஆம் பிரிவு இதற்கு மொத்தம் 5 ஆண்டு என்று வரம்பு வைத்துள்ளது.

வாரியத்தின் முன் அனுமதி: இந்தச் சொற்களைக் கவனிக்காமல் விட்டவர்களே அதிகம் இழக்கிறார்கள். 51ஆம் பிரிவின்படி வாரிய அனுமதி இல்லாமல் வக்ஃபு சொத்தைக் குத்தகைக்கு விட்டால் அது செல்லாது. 2013 திருத்தத்திற்குப் பிறகு விற்பனை, தானம், அடமானம் ஆகியவை தொடக்கம் முதலே செல்லாதவை. முத்தவல்லியே கையெழுத்திட்டிருந்தாலும், குழு முழுவதும் தீர்மானம் போட்டிருந்தாலும் நிலைமை இதுதான். வாங்கிய குடும்பம் பணத்தையும் இழக்கும், இடத்தையும் இழக்கும்.

ஆகவே கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இவர் எந்தப் பத்திரத்தின்படி பொறுப்பில் இருக்கிறார்? பதவிக்காலம் எப்போது முடிகிறது? கூட்டத் தீர்மானத்தின் நகல் உள்ளதா? வாரிய அனுமதி உள்ளதா? தகராறு இருந்தால் செல்ல வேண்டிய இடம் வக்ஃபு தீர்ப்பாயம். அதற்கு முன் வழக்கறிஞரிடம் மூலப் பத்திரத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். வக்ஃபு நம்மிடம் உள்ள அமானிதம்; அதன் காகிதங்களைப் படித்து அறிவதும் அதைக் காப்பதில் சேரும்.