சம்பளமும் சிறு வியாபாரமும்: எந்தச் செலவை வரியில் கழிக்கலாம்?

கல்பாக்கத்திலோ செங்கல்பட்டிலோ மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, சதுரங்கப்பட்டினத்தில் மாலை நேரத்தில் துணி, அத்தர் வியாபாரம் செய்யும் சகோதரர்கள் உண்டு. பைக் பெட்ரோல், போன் பில் ஆகியவற்றை வருமான வரியில் கழிக்கலாமா என்பது அவர்களுக்கு எழும் கேள்வி. சம்பளம் வேறு, வியாபாரம் வேறு என்று பிரித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சம்பளம்: வேலைக்குப் போய்வரும் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. அதற்குப் பதிலாக நிலையான கழிவு உண்டு. புதிய வரி முறையில் 75,000 ரூபாய், பழைய முறையில் 50,000 ரூபாய். இதற்கு ரசீது தேவையில்லை.

வியாபாரம்: முழுக்க வியாபாரத்துக்காகவே ஆன செலவைக் கழிக்கலாம். சரக்கு, கடை வாடகை, பார்சல் கட்டணம் போன்றவை இதில் அடங்கும். பைக் மாதம் 1,000 கி.மீ. ஓடி, அதில் 300 கி.மீ. சரக்கு எடுக்கச் சென்றதென்றால், பெட்ரோலில் 30 சதவீதம் மட்டுமே வியாபாரச் செலவு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு பொதுவாக ஏற்கப்படாது. வீட்டுச் செலவும் நாம் கொடுக்கும் ஜகாத்தும் வியாபாரச் செலவில் சேரா.

கணக்கு எழுத இயலாதவர்களுக்கு, ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், உத்தேச வருமான முறை உண்டு. வங்கி, யுபிஐ வழி வரவில் 6 சதவீதமும் ரொக்க வரவில் 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்ட வேண்டும். யுபிஐயில் 4 லட்சம், ரொக்கத்தில் 2 லட்சம் விற்றவருக்கு அது 24,000 + 16,000 = 40,000 ரூபாய். இதற்குப் பின் வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. கமிஷன், தரகுத் தொழிலுக்கு இம்முறை பொருந்தாது.

வியாபாரத்தில் நட்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழித்து வரியைக் குறைக்க முடியாது. கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால், அடுத்த 8 ஆண்டுகள் வரை வியாபார லாபத்தில் ஈடுகட்டலாம். சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவம் இவர்களுக்குச் செல்லாது. உத்தேச முறைக்கு ஐடிஆர்-4, முழுக் கணக்குக்கு ஐடிஆர்-3.

மத்திய அரசு ஊழியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, அரசின் முன் அனுமதியின்றி அவர்கள் வியாபாரம் செய்யக் கூடாது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆதாரமில்லாத செலவைக் காட்டி வரியைக் குறைத்தால், குறைத்த வரியைப் போல இரு மடங்கு அபராதம் விழலாம். ஆகவே வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துவோம். ஆன செலவைக் கழிப்பது நம் உரிமை. ஆகாத செலவை எழுதுவது பொய்க் கணக்கு.