பதினான்காவது விதி

நவம்பர் கடைசியில் ஆரம்பித்து பிப்ரவரி முடியும் வரை, ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்தால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. தேதி, பள்ளியின் பெயர், ஆட்டத்தின் நிலை, நேரம், கட்டணம். கடைசி வரியில் இன்னொரு நடுவரின் பெயர். கீழே இரண்டு பொத்தான்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன். "யாருப்பா இந்த வாட்டி உன் ஜோடி?" என்பாள் மனைவி, கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்கிற தொனியில். கிண்டல்தான். ஆனால் நானும் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான்.

பகலில் நான் மென்பொருள் எழுதுகிறவன். கோவையில் பொறியியல் படித்து, வேலைக்காக அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கம் வந்து சேர்ந்தவன். குளிர்காலத்தில் வாரம் இரண்டு மூன்று மாலை, கோடு போட்ட சட்டையும் விசிலுமாக உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறேன். இது நான்காவது சீசன். கல்லூரியில் ஆடிய காலத்தில், ஜோனல் மேட்ச் தொடங்குவதற்கு முன்னாலேயே விசில் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தோற்றால் சொல்ல வேண்டிய காரணத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்வோம். அவரை அங்கே அனுப்பியது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இங்கே வந்து அந்த விசிலை நானே கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

*

இந்த விளையாட்டு பிறந்த தேதி நமக்குத் தெரியும். 1891 டிசம்பர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. குளிரில் வெளியே போக முடியாமல் முரண்டு பிடித்த பதினெட்டு மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டிவிட்டு, பதின்மூன்று விதிகளை எழுதினார். 1892 ஜனவரியில் அவை அச்சில் வந்தன.

அந்தப் பதின்மூன்றில் பத்தாவதும் பதினொன்றாவதும் நடுவர்களைப் பற்றியவை. நைஸ்மித் ஒருவரோடு நிறுத்தவில்லை, இரண்டு பேரை வைத்தார். அம்பயர் ஆட்களுக்கு நீதிபதி: ஃபவுலைக் குறிப்பது, தேவைப்பட்டால் ஆளை வெளியே அனுப்புவது அவர் வேலை. ரெஃப்ரி பந்துக்கு நீதிபதி: பந்து யாருடையது, எல்லைக்குள் இருக்கிறதா, கூடையில் விழுந்தது கணக்கில் சேருமா, நேரம் எவ்வளவு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஆக, ஜோடி என்பது இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது. முழு அதிகாரமும் ஒரே ஆளிடம் சேரவில்லை.

ஆனால் அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது யார்? அதற்கு விதி இல்லை. பதினெட்டு மாணவர்கள் ஆடிய ஜிம்மில் அந்தக் கேள்விக்கு அவசியமும் இருந்திருக்காது. ஆட்டம் ஸ்பிரிங்ஃபீல்டை விட்டு ஊர் ஊராகப் பரவி, ஒரு பள்ளி இன்னொரு பள்ளியின் கூடத்துக்குப் போய் ஆட ஆரம்பித்தபோது அவசியம் வந்தது. எழுதப்படாத அந்தப் பதினான்காவது விதியின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

*

முதலில் அந்த இடத்தை நிரப்பியது வழக்கம். யார் வீட்டில் ஆட்டமோ அவர்கள் நடுவரை அழைப்பார்கள். வந்த அணி சம்மதித்தால் சரி. பந்தியில் பரிமாறுகிறவர் பெண்வீட்டுக்காரர் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் இலையையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த நிலைமைதான். சம்மதித்தவர்களும் சந்தேகத்தோடுதான் சம்மதித்தார்கள்.

பிறகு அமைப்புகள் வந்தன. 1920இல் சில மத்திய மேற்கு மாநிலங்களின் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் சிகாகோவில் கூடித் தொடங்கியதுதான், இன்று நாடு முழுக்கப் பள்ளி விளையாட்டு விதிகளை எழுதும் தேசியக் கூட்டமைப்பு. அங்கீகரிக்கப்பட்ட கூடைப்பந்து நடுவர்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 1921இல் உருவானது. எழுத்துத் தேர்வு, களத் தேர்வு, ஊருக்கு ஒரு கிளை. தேறியவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஆனது. யார் நடுவர் என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தது. யாருக்கு எந்த ஆட்டம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தப் பட்டியல்களில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. வாஷிங்டனில் எட்வின் ஹெண்டர்சன் என்ற கறுப்பின ஆசிரியர் இருந்தார். 1904இல் ஹார்வர்டின் கோடைக்கால வகுப்பில் கூடைப்பந்தைக் கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பித் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆட்டம் மட்டும் போதாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. கறுப்பினப் பள்ளிகளுக்கான போட்டி அமைப்புகளை உருவாக்கியதோடு, ஈஸ்டர்ன் போர்டு ஆஃப் அஃபிஷியல்ஸ் என்ற நடுவர் குழுவையும் தொடங்கினார். கறுப்பின நடுவர்கள் பயிற்சி பெறும் முக்கியமான இடமாக அது பல பத்தாண்டுகள் இருந்தது. கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் ஹெண்டர்சன் பெயர் சேர்ந்தது 2013இல், அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

எனக்கு இதில் பிடித்தது ஒன்றுண்டு. விளையாட்டைக் கொண்டுவந்த கையோடு விசிலுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். விசில் அடுத்தவன் கையிலேயே இருந்தால் ஆட்டமும் அடுத்தவனுடையதுதான்.

*

இன்று பெரும்பாலான இடங்களில் பதினான்காவது விதி ஒரு மனிதர். ஆங்கிலத்தில் அசைனர் என்பார்கள். ஆட்டங்களைப் பங்கிடுகிறவர். அநேகமாக முன்னாள் நடுவராகவே இருப்பார். பள்ளிகளோ லீக்கோ அவருக்கு ஒரு தொகை தரும். கணினி வருவதற்கு முன் தொலைபேசியும் பென்சிலும் கட்டம் போட்ட காகிதமும்தான் அவருடைய அலுவலகம். எங்கள் பகுதியின் அசைனர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்தக் காலத்தில் ஞாயிறு சாயங்காலம் முழுக்க போனில்தான் கழியும் என்பார். "என் மனைவி சமைச்சதை நான் சூடா சாப்பிட்டதே ஏப்ரல்லதான்."

அவர் தலைக்குள் ஓடும் கணக்கு எளிதல்ல. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு உங்களை அனுப்பக்கூடாது. ஒரே அணிக்கு ஒரே நடுவர் அடுத்தடுத்துப் போகக்கூடாது. தூரம் பார்க்க வேண்டும், அன்று மாலை அலுவலகத்தில் இருந்து எப்போது கிளம்ப முடியும் என்று பார்க்க வேண்டும். பரம வைரிகள் மோதும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் பழுத்த ஆள் வேண்டும். புதியவனைப் பழையவனோடு சேர்க்க வேண்டும், ஆனால் முக்கியமான ஆட்டத்தில் சேர்க்க முடியாது. பல லீக்குகளில் கோச்சுகள் நடுவருக்கு மதிப்பெண் போடுவார்கள். இன்னார் வேண்டாம் என்று பட்டியலும் கொடுப்பார்கள். ஜூனியர் ஆட்டங்களில் வருடக்கணக்கில் ஓடிய பிறகுதான் வார்சிட்டி என்கிற பள்ளியின் முதன்மை அணி ஆட்டம் கைக்கு வரும்.

இப்போது இதெல்லாம் மென்பொருளுக்கு வந்துவிட்டது. ஆர்பிட்டர் என்ற நிரல் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் நடுவர் தன்னால் வர முடியாத தேதியை அடைத்து வைக்கலாம். பள்ளியை அடைக்கலாம், மைதானத்தை அடைக்கலாம். ஜோடியையும் அடைக்கலாம்: இவரோடு என்னைப் போடாதீர்கள். ஒரு சொடுக்குதான்.

*

சென்ற ஆண்டு அசைனர் என்னிடம் உதவி கேட்டார். "நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, எனக்கு ஒரு வரைவு அட்டவணை மட்டும் போட்டுக்கொடு." எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கட்டுப்பாடுகள், எடைகள், பொருத்தம் என்று இது எங்கள் துறையின் பழைய கணக்கு. இரண்டு வார இறுதிகளில் எழுதி முடித்தேன். விடையைப் பார்த்ததும் அவர் மலர்ந்துபோனார்: "அட, நானே போட்ட மாதிரி இருக்கே!"

அதுதான் உறுத்தியது. பழைய அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பையன்களின் வார்சிட்டி ஆட்டங்கள் அதே இருபது பேரையே சுற்றி வந்தன. எங்களிடம் ஒரு பெண் நடுவர் இருக்கிறார். பதினொரு வருட அனுபவம். நான் விதி தெரியாமல் முழித்த முதல் சீசனில், கார் நிறுத்தத்தில் நின்றபடி எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். அவருக்குப் பெண்கள் ஆட்டம் நிறைய. பையன்கள் வார்சிட்டியில் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று நிரலுக்குள் தேடினேன். அந்த ஆட்டங்களுக்கான கோச் மதிப்பெண் அவருக்குக் காலியாக இருந்தது. ஊதினால்தானே மதிப்பெண் வரும்? காலியான இடத்தில் பூஜ்யம் போடு என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியவன் நான். போதாததற்கு, அவரை இரண்டு பேர் ஜோடியாக வேண்டாமென்று அடைத்திருந்தார்கள். காரணம் எழுத அங்கே இடமே இல்லை.

அசைனரிடம் சொன்னேன். கெட்டவர் அல்ல. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவங்க நல்லா ஊதுவாங்க, எனக்குத் தெரியாதா? ஆனா ஏதாவது ஆச்சுன்னா கோச்சுங்க எனக்குத்தானே போன் பண்ணிக் கத்துவாங்க."

*

நீதிமன்றங்களும் இதே நெற்றியைத் தேய்த்திருக்கின்றன. 1997இல் வயலட் பால்மரும் டீ கான்ட்னரும் என்.பி.ஏ.வில் நடுவர்களாகிவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பெண் விசில் ஊதலாம் என்று ஆனது. அதே காலத்தில் பென்சில்வேனியாவில், பையன்களின் பள்ளி ஆட்டங்கள் தனக்கு ஒதுக்கப்படவில்லை என்று ஒரு பெண் நடுவர் வழக்காடிக்கொண்டிருந்தார். நாங்கள் அவருடைய முதலாளியே அல்ல என்றது மாநிலச் சங்கம். ஜூரி அவர் பக்கம் நின்றது. நியூ ஜெர்சியிலும் அதே புகார். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காசு கொடுக்கும் பள்ளியை முதலாளியாகக் கருத இடமுண்டு என்றது. 2019இல் வாஷிங்டனில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு கேள்வியை எடுத்தது: தொழிற்சங்கம் வைக்க விரும்பிய பென்சில்வேனியா லக்ராஸ் நடுவர்கள் ஊழியர்களா? இல்லை, சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்று தீர்ப்பு வந்தது.

ஒவ்வொரு வழக்கும் வெவ்வேறு சட்டத்தின் கீழ் வந்தது, அதனால் முரண்பாடு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். விசிலைக் கையில் கொடுப்பது யார்? பள்ளி சங்கத்தைக் காட்டும், சங்கம் அசைனரைக் காட்டும், அசைனர் கோச்சைக் காட்டுவார். போன வருடம் எங்கள் ஊரில், வரிசையின் கடைசியில் என் நிரல் நின்றது. அதற்குக் காட்ட விரல் இல்லை.

*

பூஜ்யத்தை எடுத்துவிட்டு, காலியான இடத்தில் எல்லோருடைய சராசரியைப் போட்டேன். அவர் பெயர் இரண்டு வார்சிட்டி ஆட்டங்களில் மேலே வந்தது. அசைனர் இரண்டையும் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். நான் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வெள்ளிக்கிழமை ஆட்டம் வேண்டுமே.

கதவைத் திறந்தது நியாயம் அல்ல, ஆள் பஞ்சம். 2018-19க்குப் பிறகு சில ஆண்டுகளில் சுமார் 50,000 பேர் பள்ளி விளையாட்டு நடுவர் வேலையை விட்டுப் போனதாகத் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. பெற்றோரின் வசவும் அதற்கு ஒரு காரணம். எங்கள் பக்கம் ஜனவரியில் ஒருவருக்கு முழங்கால் போனது, இன்னொருவருக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மதியம் அசைனர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

அதே கூடத்தில் எனக்கு ஐந்தரை மணிக்கு ஜூனியர் ஆட்டம். முடித்துவிட்டு, வியர்வைச் சட்டையோடு மாடிப்படிப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மணிக்கு அவர் பந்தை மேலே எறிந்தார். முதல் கால்பகுதியிலேயே உள்ளூர் கோச் அவரைப் பார்த்துக் கத்தினார், எல்லோரையும் பார்த்துக் கத்துகிற மாதிரியே. அவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரத்து அட்டவணையில் அவர் பெயர் மறுபடி பெண்கள் ஆட்டங்களில் மட்டும்தான். ஆனால் மதிப்பெண் பட்டியலைத் திறந்தபோது, பதினொரு வருடம் காலியாக இருந்த கட்டத்தில் ஓர் எண் இருந்தது. ஐந்துக்கு நான்கு. இனி அங்கே என்னால் பூஜ்யம் போட முடியாது.