தி வாட்டர் பேபீஸ்

தி வாட்டர் பேபீஸ் (பொருள்: நீர்க் குழந்தைகள்) என்பது ஆங்கிலேய எழுத்தாளரும் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவுமான சார்லஸ் கிங்ஸ்லி (1819–1875) எழுதிய சிறுவர் புதினம் ஆகும். இது 1862 ஆகஸ்ட் முதல் 1863 மார்ச் வரை மக்மில்லன்ஸ் மகசீன் இதழில் தொடராக வெளிவந்து, 1863 ஆம் ஆண்டில் நூலாக வெளியிடப்பட்டது. படிவளர்ச்சிக் கொள்கையை (கூர்ப்பு, பரிணாமம்) ஒரு சிறுவனின் கதையோடு இணைத்த தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பின்னணி

சார்லஸ் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் 1859 நவம்பரில் வெளியானது. அதன் முன்படி ஒன்றைப் பெற்றிருந்த கிங்ஸ்லி, தாமாகவே வளர்ச்சியடையும் ஆற்றலுடன் உயிர்களைக் கடவுள் படைத்தார் என்று கொள்வதும் உயர்ந்த இறைக்கருத்தே என்று டார்வினுக்கு எழுதினார். டார்வின் இக்கருத்தை 1860 இல் வந்த இரண்டாம் பதிப்பில், எழுதியவரின் பெயரைக் குறிப்பிடாமல் சேர்த்துக்கொண்டார்.

கதைச் சுருக்கம்

டாம் புகைபோக்கி துப்புரவு செய்யும் சிறுவன். எழுதவோ படிக்கவோ அறியாதவன். முதலாளி கிரைம்சிடம் அடிபட்டு வளர்பவன். ஒரு மாளிகையின் புகைபோக்கிகளில் வழிதவறி, எல்லி என்னும் சிறுமியின் அறைக்குள் இறங்குகிறான். அங்கே கண்ணாடியில் தன் கரிபடிந்த உருவத்தை முதன்முதலாகக் காண்கிறான். கதைசொல்லி அவ்வுருவத்தைக் குரங்குக்கு ஒப்பிடுகிறார். திருடன் எனத் துரத்தப்படும் டாம் ஓடையில் விழுந்து, செவுள்களும் 3.87902 அங்குல நீளமும் கொண்ட நீர்க் குழந்தையாக மாறுகிறான். பின்னர் எல்லியிடம் கற்று, தன்னைத் துன்புறுத்திய கிரைம்சுக்கே உதவச் சென்று, இறுதியில் அறிவியலாளனாக உயர்கிறான்.

படிவளர்ச்சிக் கருத்துக்கள்

கதையில் மாற்றம் இரு திசைகளிலும் நிகழ்கிறது. இனிப்புகளைத் திருடித் தின்ற டாமின் உடலில் முட்கள் முளைக்கின்றன. எல்லியிடம் பாடம் கற்றபின் அவை மறைகின்றன. இதற்கு மாறாக, உழைக்க விரும்பாத ஓர் இனத்தார் பல தலைமுறைகளில் மரமேறிகளாகிக் குரங்குகளாகின்றனர். அவர்களுள் கடைசி ஆள் தானும் மனிதனே என்று சொல்ல முயன்று, மொழி மறந்துபோனதால் சுட்டுக் கொல்லப்படுகிறான்.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே விதியின்படி அமைந்தவை அல்ல. மரமேறிகளின் கதையில், கால்களாலும் கிளையைப் பற்றக்கூடியவர்களே உணவும் துணையும் பெறுகின்றனர்; இது டார்வின் கூறிய இயற்கைத் தேர்வை ஒத்தது. டாமின் முட்களோ ஆன்மாவே உடலை ஆக்குகிறது என்னும் கருத்தைச் சார்ந்தவை. டார்வினின் கொள்கையில் உயிர்களின் மாற்றத்துக்கு ஒழுக்க நோக்கம் இல்லை. நல்ல பிள்ளைக்குப் பரிசும் தீய பிள்ளைக்குத் தண்டனையும் தரும் பழைய நீதிக்கதை மரபை, கிங்ஸ்லி புதிய அறிவியலின் மொழியில் தொடர்ந்தார் எனலாம்.

மனிதக் குரங்குகளின் மூளை குறித்து ரிச்சர்ட் ஓவனுக்கும் தாமஸ் ஹக்ஸ்லிக்கும் இடையே நடந்த விவாதமும் நூலில் நையாண்டி செய்யப்படுகிறது.

விமர்சனம்

உயிர்களை ஏணிப்படிகளாக அடுக்கும் இந்நோக்கு, மனிதரையும் மேலோர், கீழோர் எனப் பிரிக்க இடமளித்தது. ஐரிஷ் மக்கள், யூதர், அமெரிக்கர், கத்தோலிக்கர் ஆகியோரை இழிவுபடுத்தும் பகுதிகள் நூலில் உள்ளன. பிற்காலத்தில் இதன் செல்வாக்குக் குறைந்தமைக்கு இவையும் காரணமாகக் கூறப்படுகின்றன. உழைக்கும் சிறுவனுக்காகப் பரிந்து பேசும் நூலே பிற மக்களை இழித்துரைப்பது இதன் முரண்பாடு ஆகும்.

தாக்கம்

நூல் வெளிவந்த மறு ஆண்டான 1864 இல், புகைபோக்கித் துப்புரவில் சிறுவரை ஈடுபடுத்துவதற்கு எதிரான சட்டம் பிரித்தானியாவில் இயற்றப்பட்டது. அச்சட்டம் போதிய பயன் தரவில்லை. துப்புரவாளர் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கி, அதைக் காவல்துறையின் கண்காணிப்பில் வைத்த 1875 ஆம் ஆண்டுச் சட்டமே இவ்வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது.