பாசறையாய் இருந்த ஒல்லாந்தர் மாளிகை

கொள்ளுப்பிட்டியிலிருந்து காலிமுகத்திடலைக் கடந்து கோட்டைக்குட் செல்வோர் 'எச்சலன் சதுக்கம்' என்ற பெயரைக் காண்பர். அப்பெயர் எப்படி வந்தது என்று நம் சங்கத்து இளைஞர் சிலர் வினவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் அங்கே படைவீடுகள் கட்டினர். கட்டடங்களை ஒரே நேர்வரிசையில் நிறுத்தாது, படிகள் போல ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்க வைத்தனர். அவ்வகை அணியையே ஆங்கிலத்தில் எச்சலன் என்பர். இவ்வாறு நின்றால் ஒன்று மற்றொன்றின் கடற்காற்றை மறைக்காதன்றோ! அப்படைவீடுகள் இன்று இல்லை. அந்நிலத்தில் ஹோட்டல்களும் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களும் எழுந்துவிட்டன. எஞ்சியது பெயர் ஒன்றே.

அவற்றினும் இரு நூற்றாண்டு மூத்த மாளிகை ஒன்றோ தப்பி நிற்கிறது. புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியிலே, சாமான் வண்டிகளின் நெருக்கத்தினிடையே, பருத்த தூண்கள் தாங்கும் முகப்போடு அதனைக் காணலாம். 1692 முதல் 1697 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த தோமஸ் வான் றே வாழ்ந்த இல்லம் அது. தடித்த சுவர்கள், உயர்ந்த கதவுகள், மழைநீர் தங்காது வழிந்தோடும் செங்குத்தான ஓட்டுக்கூரை, மாடிக்கு ஏறும் மரப்படிகள், நடுவே கிணற்றோடு கூடிய முற்றம். முற்றமும் கிணறுமுள்ள வீட்டிற் பிறந்த நம் பெரியோருக்கு இவ்வமைப்பை விளக்கவும் வேண்டுமோ?

1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. தேசாதிபதியின் வீடு சிப்பாய்களின் பாசறையாயிற்று, ஆயுதசாலையாகவும் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அதுவே தபாற்கந்தோராயிற்று. 'கந்தோர்' என்பதும் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொல்லே! அவர்கள் வீட்டுக்கே அவர்கள் சொல் திரும்பி வந்த விந்தையை எண்ணி நாம் நகைத்தோம்.

காலப்போக்கில் கட்டடம் பழுதுற்றது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அவ்வேளை, ஒல்லாந்தில் கல்வி கற்று மீண்ட இந்நாட்டவரின் சங்கம் அதனைக் காக்க முன்வந்தது. நம் சங்கத்தைப் போன்ற ஒரு சங்கந்தான். 1977 இல் தொடங்கிய திருத்தவேலை 1981 இல் முடிந்தது. 1982 இல் அது ஒல்லாந்தர் காலத்து நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

உள்ளே பழைய நாணயங்களும் மரத்தளபாடங்களும் போர்க்கருவிகளும் கல்லறைக் கற்களும் உள்ளன. நாம் நெடுநேரம் நின்றது கிணற்றடியிலேதான். தேசாதிபதி வீட்டாரும் சிப்பாய்களும் புழங்கிய முற்றம். வெளியே பிரின்ஸ் வீதியின் கூச்சல். உள்ளே அது பாதியாகவே கேட்கிறது.