பிரான்சைஸ் கடை உங்களோடதுதான்... ஆனா விற்க முடியுமா?

2017 டிசம்பர் கடைசியில் கொல்கத்தாவில் மெக்டொனால்ட்ஸுக்குப் போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். அதே நாட்களில் சென்னையில் பர்கர் வழக்கம்போலக் கிடைத்தது. ஒரே போர்டு, ஆனா ஓனர் வேற.

தெற்கும் மேற்கும் அமித் ஜாட்டியாவின் ஹார்ட்கேசல் ரெஸ்டாரன்ட்ஸ் வசம். வடக்கும் கிழக்கும் கன்னாட் பிளாசா ரெஸ்டாரன்ட்ஸ் வசம். 1995-ல் விக்ரம் பக்ஷியும் மெக்டொனால்ட்ஸும் கைகோத்துத் தொடங்கிய இந்தக் கூட்டு நிறுவனத்தில் ஆளுக்குப் பாதிப் பங்கு.

அப்புறம் என்னதான் பிரச்னை?

விலை. பக்ஷியின் பங்கை 2008-ல் 50 லட்சம் டாலருக்குக் கேட்டது மெக்டொனால்ட்ஸ்; பிறகு 70 லட்சம் என்றது. அவர் எதிர்பார்த்தது 10 கோடி டாலர்! 2013-ல் அவரது நிர்வாக இயக்குநர் பதவி போனது. ஒப்பந்தப்படி உங்கள் பங்கை எங்களுக்கே விற்க வேண்டும் என்றது மெக்டொனால்ட்ஸ். வழக்கு தொடங்கியது. 2017 ஜூலையில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது.

ஜெயிச்சாச்சு இல்லையா? இல்லை. இங்கேதான் கவனிக்கணும். அடுத்த மாதமே, ராயல்டி பாக்கி உட்பட விதிமீறல்களைச் சொல்லி, 169 கடைகளின் பிரான்சைஸ் ஒப்பந்தத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. கம்பெனியில் பாதி பக்ஷியுடையது, ஆனால் பெயரும் லோகோவும் அமெரிக்காவுடையது. பங்கு ஒரு காகிதம், பிராண்டு இன்னொரு காகிதம். டிசம்பரில் சரக்கு அனுப்பிவந்த நிறுவனமும் சப்ளையை நிறுத்த, கிழக்கிந்தியக் கடைகள் மூடின. வேறு சப்ளையர் வந்த பிறகே திறந்தன. கடைசியில் 2019 மே மாதம் சமரசம்: பக்ஷியின் பங்கை மெக்டொனால்ட்ஸே வாங்கியது. 2020-ல் சஞ்சீவ் அகர்வாலின் எம்.எம்.ஜி குழுமம் புதிய கூட்டாளியாக வந்தது.

நீங்கள் எடுக்கப்போவது ஒரு டீக்கடையோ ஜிம்மோ ஆக இருக்கலாம். இந்தியாவில் பிரான்சைஸுக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளும்தான். 1999 வர்த்தகக் குறிச் சட்டத்தின் 54-வது பிரிவும், ஒரு பிராண்டைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவருக்கு அந்த உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றும் அதிகாரத்தைத் தருவதில்லை. அதனால் விற்பதற்கு பிராண்டின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்லும்.

பலர் தவறவிடும் வரி வேறு. "கட்டுப்பாடு மாறினாலும் அது உரிமை மாற்றமே" என்று ஒரு ஷரத்து இருக்கும். கடையை விற்காமல், உங்கள் பிரைவேட் லிமிடெட்டின் 51% பங்கை மச்சானுக்குக் கொடுத்தாலும் அதில் மாட்டுவீர்கள். வெளியாள் சொல்லும் விலைக்கு முதலில் வாங்கும் உரிமை பிராண்டுக்கா, கைமாற்றுக் கட்டணம் எவ்வளவு, நீங்கள் இறந்தால் குடும்பம் எத்தனை நாளில் அனுமதி வாங்கணும், இதையெல்லாம் பாருங்க.

பங்கை பிராண்டே திரும்ப வாங்கும் ஷரத்து இருந்தால், மதிப்பைக் கணிப்பது யார், எந்தத் தேதி நிலவரப்படி என்று எழுதச் சொல்லுங்கள். "நியாயமான விலை" என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீங்க. கடை வாடகை ஒப்பந்தம் யார் பேரில் என்றும் ஒரு பார்வை. பிராண்டு பேரில் இருந்தால், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் உங்களிடம் மிஞ்சுவது ஃப்ரிட்ஜும் நாற்காலியும்தான்.