நீர்மருதும் தலைநகரும்: புதுதில்லிச் சாலை மரங்களின் தேர்வு குறித்து

தில்லியின் பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூண், 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக்கால் தோப்ராவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அசோகரின் ஏழாம் தூண் சாசனம் முழுமையாகக் கிடைப்பது இத்தூணில் மட்டுமே. சாலையோரங்களில் ஆலமரங்கள் நட்டதையும் மாந்தோப்புகள் அமைத்ததையும் அச்சாசனம் பதிவு செய்கிறது. மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தருவது அதன் நோக்கம். எந்த மரம், யாருக்காக என்ற இரு கேள்விகளுக்கும் அதில் விடை உண்டு.

அத்தூணுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்விகளுக்கு வேறு விடை எழுதப்பட்டது. 1911 டிசம்பர் 12 அன்று நடந்த தில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஸ்விண்டன், ஜான் பிராடி, எட்வின் லட்யன்ஸ் ஆகியோரைக் கொண்ட நகரமைப்புக் குழு பணியைத் தொடங்கியது. மரம் வளர்க்கும் பொறுப்பு பின்னர் தோட்டக்கலை வல்லுநர் டபிள்யூ. ஆர். முஸ்டோவிடம் சென்றது. புதிய நகரில் சாலை மரம் அலங்காரமாக மட்டும் கருதப்படவில்லை. கட்டடத்தைப் போலவே அதுவும் நகர வடிவத்தின் உறுப்பாக எண்ணப்பட்டது. ஒரு சாலைக்கு ஓரினம் என்ற ஒழுங்கு பெரும்பாலும் பின்பற்றப்பட்டது. ஜன்பத்தில் நீர்மருது, அக்பர் சாலையில் புளி, அசோகா சாலையில் நாவல், லோதி சாலையில் வேம்பு என்று அந்த ஒழுங்கை இன்றும் காணலாம்.

இத்தேர்வின் அடிப்படையை வேனிற்காலம் விளக்குகிறது. தில்லியின் மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 பாகையைக் கடக்கிறது. ஆரவல்லித் தொடரின் முனையான 'ரிட்ஜ்' மேட்டில் இயல்பாக வளரும் தவ் போன்ற மரங்கள், நீரைச் சேமிக்க வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து நிற்கும். அது அந்நிலம் கற்ற பாடம். ஆனால் மே மாதத்தில் மொட்டையாக நிற்கும் மரம் ஆட்சியாளரின் சாலைக்கு உதவாது. ஆகவே ஆண்டு முழுதும் பசுமை மாறாத, அல்லது சிறிது காலமே இலையின்றி இருக்கும் இனங்கள் முன்னுரிமை பெற்றன. இவற்றுள் சில ஈரநிலத்துக்கு உரியவை என்பதை, 2006இல் தில்லியின் மரங்களைப் பற்றி நூல் எழுதிய பிரதீப் கிருஷண் கவனப்படுத்தியுள்ளார்.

தமிழ் வாசகருக்கு இச்சிக்கல் மரத்தின் பெயரிலேயே புலப்படும். நீர்மருது ஆற்றங்கரை மரம்; அதன் வாழிடம் பெயரின் முதற்சொல்லில் இருக்கிறது. நாவலும் நீரோரத்தை நாடுவதே. இவை வறண்ட மேட்டுநிலத்தில் செழித்ததற்கு மண்ணின் இயல்பைவிடப் பாசனமே காரணம். புதுதில்லியில் தோட்டங்களுக்கெனச் சுத்திகரிக்கப்படாத நீரைத் தனிக் குழாய்களில் வழங்கும் ஏற்பாடு இருந்தது. எனவே அந்த நிழல் இயற்கையின் கொடை மட்டுமன்று. ஓர் அரசு தன் குடியிருப்புப் பகுதிக்குத் தொடர்ந்து செய்த செலவுமாகும். நீர் சென்ற இடத்தில் நிழல் குவிந்தது. பங்களாக்களின் வட்டாரத்திற்கும் நெரிசலான பழைய நகருக்கும் இடையே இன்றும் தெரியும் பசுமை வேறுபாட்டின் வேர் இங்கே இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தேர்வு ரிட்ஜ் மேட்டில் நிகழ்ந்தது. அங்குப் பரப்பப்பட்டது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம். அது யாரிடமும் நீர் கேட்கவில்லை; ஆனால் நாட்டு மரங்களுக்கு இடமும் விடவில்லை. இராமநாதபுரத்துக் கண்மாய்களை அறிந்தவர்களுக்கு இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. ஆக, புதுதில்லி இரு பாடங்களை விட்டுச் சென்றது. பராமரிப்பின்றி வாழாத மரத்தைத் தேர்ந்தால் அதன் கடன் தலைமுறைகளுக்குத் தொடரும். எப்பராமரிப்பும் வேண்டாத மரத்தைத் தேர்ந்தால் அது நிலத்தையே எடுத்துக்கொள்ளக்கூடும்.

சாலை மரங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே காலத்தில் நடப்பட்டவை. ஒரே காலத்தில் முதுமை அடைந்து வருகின்றன. வேரடி வரை தளக்கல்லும் காரையும் நெருங்கியதால், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காரையை அகற்றுமாறு 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட வேண்டியதாயிற்று. 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும்.

ஆகவே இன்று தன் வீட்டு வாயிற்பாதையின் இருமருங்கும் மரம் வைக்க எண்ணுபவர், லட்யன்ஸ் குழுவின் முன்னிருந்த கேள்விகளையே சிறிய அளவில் எதிர்கொள்கிறார். முழு வளர்ச்சியில் அதன் பருமன் என்ன? வேருக்குத் திறந்த மண் எவ்வளவு? முதல் ஆண்டுகளுக்குப் பின் நீர் ஊற்றுவது யார்? அம்மரம் இயல்பாக வளரும் நிலம் எது? நாற்றைத் திருத்தலாம், வளர்ந்த மரத்தை அவ்வளவு எளிதில் திருத்த இயலாது. நடும் நாளில் எடுக்கும் முடிவு, நட்டவர் காணாத காலத்துக்கும் சேர்த்தே எடுக்கப்படுகிறது.